கிளெக்கம்மா வீட்டுக் கொக்கி

முன்னொரு காலத்துல, மழை கருப்பாப் பெய்யிற ஒரு பட்டணத்துல, ஒரு கொடி கட்ட ரெண்டு வீடு வேணும்னு இருந்த ஒரு தெருவுல, அமலோற்பவம்னு ஒரு பிள்ளை இருந்தா.

எந்தப் பட்டணம்னு கேக்காதீங்க. நீங்க நிக்கிற இதே இங்கிலீஷ் பட்டணந்தான். எந்தத் தெருன்னும் கேக்காதீங்க. குனிஞ்சு பாருங்க, அதே கல்லுதான். ஈரத்துணியை யாரும் தரையில போடாதீங்க, கையிலயே வச்சுக்கிட்டு ஓரமா நில்லுங்க. காத்து இன்னும் எந்திரிக்கலை. எந்திரிக்கிற வரைக்கும் நான் கதை சொல்லுதேன். அதுவரைக்கும் கொடிப் பக்கம் யாரும் போகக்கூடாது. அந்தச் செவப்புச் சேலையைத் தூக்கி அடியில என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கவும் கூடாது. ஏல, நீல சாக்ஸு, உன்னையத்தான் சொல்லுதேன். பேசாம நில்லு.

அமலோற்பவம் எனக்கு அத்தை. எங்க அப்பாவோட அக்கா. ஆனா இந்தக் கதையில அவளுக்கு ஒன்பது வயசு. ஒன்பது வயசுப் பிள்ளையை எப்படி 'அவங்க, இவங்க'ன்னு சொல்ல? அவ, இவன்னுதான் சொல்லுவேன். நான் இதைக் கண்ணால பாத்ததில்லை. அவ வாயால கேட்டிருக்கேன், அவ அம்மை வாயால கேட்டிருக்கேன், பக்கத்து வீட்டு டோரீன் வாயால கேட்டிருக்கேன். மூணு பேரும் மூணு விதமாச் சொல்லுவாவ. எனக்கு எது பிடிச்சுதோ அதை நான் எடுத்துக்கிட்டேன்.

அப்ப ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்சு ஏழெட்டு வருஷம் இருக்கும்னு சொல்லுவாவ. அமலோற்பவத்தோட அப்பா சவரிமுத்து, தூத்துக்குடிக்காரரு. கப்பல்ல கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுற வேலை. சண்டைக் காலத்துல கப்பல் இந்தத் தேசத்துக்கு வந்து நின்னுச்சு. இங்க இரும்பு உருக்குற உலையில ஆள் பத்தலைன்னாவ. "கடல்ல அள்ளுன கரியைத் தரையில அள்ளணும், அவ்வளவுதானே"ன்னு இவரும் இறங்கிட்டாரு. பொறவு பொண்டாட்டி ரோசாரியையும் மகளையும் ஊர்ல இருந்து கூப்பிட்டுக்கிட்டாரு. இங்க வந்து ஒரு ஆம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. சூசைன்னு பேரு வச்சாவ. அந்தக் கைப்பிள்ளைதான் எங்க அப்பா.

இந்தப் பட்டணம் அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டீங்க. உலைக்கூடத்துப் புகை அத்தனையும் இந்தத் தெருவுமேலதான் வந்து இறங்கும். காலையில வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை மத்தியானம் வரும்போது கழுத்துப்பட்டி கருப்பா இருக்கும். மூக்கைச் சிந்துனா அதுவும் கருப்பு. மிட்டாய் வாங்கக் கையில காசு மட்டும் பத்தாது, ரேஷன் சீட்டும் வேணும். பள்ளிக்கூடத்துல குடிக்கக் குடுத்த பால், குளிர்காலத்துல பாட்டிலுக்குள்ள உறைஞ்சு மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். தெரு முனையில குண்டு விழுந்த மனை ஒண்ணு. வீடு போயிருச்சு, மாடியில இருந்த அடுப்பு மட்டும் சுவத்துல ஒட்டிக்கிட்டு அந்தரத்துல தொங்குது. பிள்ளைகளுக்கு அதுதான் கோட்டை. டோரீனும் அமலோற்பவமும் அங்கதான் ராணியும் ராணியுமா இருந்தாவ. ரெண்டு பேருமே ராணி, குடிமக்கள் யாரும் கிடையாதாம்.

அமலோற்பவம்னு கூப்பிட இங்க யாருக்கும் நாக்கு வளையலை. ஏமின்னு சுருக்கிட்டாவ. ஏமின்னு கூப்பிட்டாலும் பின்னால ஒரு 'லவ்' சேத்துக்கிடுவாவ. ரொட்டிக் கடைக்காரரும் லவ்வும்பாரு, பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிறவரும் லவ்வும்பாரு. நம்ம ஊர்ல 'கண்ணு'ங்கிற மாதிரி, இந்த ஊர்ப் பேச்சே அப்படி. ரோசாரிக்கு முதல்ல முகமெல்லாம் செவந்து போச்சாம், பொறவு பழகிட்டா. அமலோற்பவத்தை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆளு இந்தத் தெருவுல எதுத்த வீட்டுக் கிளெக்கம்மா.

கிளெக்கம்மா யாரு? சொல்லுதேன். மிஸஸ் கிளெக்குன்னு பேரு, எங்க வீட்டுல கிளெக்கம்மாவாக்கிட்டாவ. நெட்டையா, கருப்புக் கோட்டும் கருப்புத் தொப்பியுமா ஒரு விதவை அம்மா. புருஷன் உலையில வெந்து செத்தவரு, பிள்ளை குட்டி கிடையாது. இந்தத் தெருவுல பிள்ளை பிறந்தாலும் அவங்கதான் வந்து கையில வாங்குவாவ, ஆள் செத்தாலும் அவங்கதான் வந்து குளிப்பாட்டுவாவ. தெருவுக்கு எது செய்யலாம் எது கூடாதுன்னு சொல்லுறதும் அவங்கதான். போலீஸ்காரருக்குக்கூட பயப்படாத ஆம்பளைங்க கிளெக்கம்மா வாறாவன்னா சிகரெட்டை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிடுவாவளாம்.

இப்ப கொக்கிக்கு வாறேன். சுவத்துல பாருங்க, இந்தப் பக்கம் பதினாலாம் நம்பர் ரோசாரி வீட்டுல ஒரு இரும்புக் கொக்கி, அந்தப் பக்கம் பதினஞ்சாம் நம்பர் கிளெக்கம்மா வீட்டுல ஒரு இரும்புக் கொக்கி. பின்பக்கம் துணி காயப்போட இடம் கிடையாது. அங்க கக்கூசும் கரி போட்டு வைக்கிற கொட்டடியுந்தான். அதனால கொடியைத் தெருவுக்குக் குறுக்காலதான் கட்டணும். உன் சுவத்துல ஒரு முனை, எதுத்த வீட்டுச் சுவத்துல மறுமுனை. எதுத்த வீட்டுக்காரங்க சரின்னாத்தான் உன் துணி காயும். எதுத்த வீட்டோட பேச்சு அத்துப்போச்சா, உன் துணி ஈரமாத்தான் கெடக்கும்.

திங்கக்கிழமைதான் துவைக்கிற நாள். அன்னைக்குத் தெரு முழுக்கக் கொடி, கொடி முழுக்கத் துணி. வண்டி வராது, பிள்ளைங்க பந்து விளையாட முடியாது. சனிக்கிழமை வாசப்படியைத் தேய்ச்சுக் கழுவி, ஓரத்துல வெள்ளைக் கல்லால கோடு இழுப்பாவ. ஞாயித்துக்கிழமை சாமிக்கு உள்ள நாள், ஒண்ணும் கூடாது. ஒண்ணும்னா ஒண்ணுமே. பூங்காவுல இருக்கிற ஊஞ்சலைக்கூட ஞாயித்துக்கிழமை சங்கிலி போட்டுப் பூட்டிருவாவன்னா பாத்துக்கோங்க.

ரோசாரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வந்து பத்து நாள்கூட ஆகலை. அவ பாத்தா, திங்கக்கிழமை தெருவுல கயிறு கட்ட இடமில்லாம எல்லாரும் முட்டி மோதுதாவ. ஞாயித்துக்கிழமை வெள்ளனே பூசைக்குப் போயிட்டு வந்து பாத்தா, தெருவே காலியாக் கெடக்கு, வெயிலும் அடிக்கு. "இந்தப் பொம்பளைங்களுக்கு இது தோணலையே, பாவம்"னு நெனைச்சா. நெனைச்சு, கப்பல் கயிறு ஒண்ணை எடுத்து இந்தக் கொக்கிக்கும் அந்தக் கொக்கிக்கும் கட்டினா. புருஷன் சட்டை, மக பாவாடை, நடுவுல ஊர்ல இருந்து கொண்டுவந்த செவப்புச் சுங்குடிச் சேலை. போட்டுட்டு, நல்ல வேலை பண்ணினோம்னு இடுப்புல கை வச்சு நின்னு பாத்தா.

அந்நேரம் கிளெக்கம்மா போற வேற சபைக் கோயிலு விட்டுச்சு. தெரு ஆளுக அத்தனை பேரும் நல்ல உடுப்பு உடுத்தி வாறாவ. சேலைக்குக் கீழ தலையைக் குனிஞ்சு நுழைஞ்சு போறாவ. கிளெக்கம்மா கடைசியா வந்தாவ. கைப்பையைப் படியில வச்சாவ. கையுறையைக் கழத்தினாவ. கொக்கியில இருந்த முடிச்சை அவுத்தாவ. கயிறு அப்படியே தரையில விழுந்துச்சு. செவப்புச் சேலை நேத்துப் பெஞ்ச கருப்புத் தண்ணியில விழுந்து கெடக்கு.

"இந்தத் தெருவுல ஞாயித்துக்கிழமை துணி காயாது"ன்னாவ கிளெக்கம்மா. அதோட கதவைச் சாத்திட்டாவ.

கதவைச் சாத்தினது சாத்தினதுதான். அன்னைல இருந்து அந்தக் கொக்கி ரோசாரிக்கு இல்லை. திங்கக்கிழமையும் இல்லை, எந்தக் கிழமையும் இல்லை. கிளெக்கம்மாவுக்கு மறுமுனை கட்ட டோரீன் வீட்டுக் கொக்கி கிடைச்சுச்சு, ரோசாரிக்குக் கொக்கி தர மத்தவங்களுக்குக் கிளெக்கம்மாகிட்ட பயம். சவரிமுத்து போய்க் கேட்டாரு, நடக்கலை. ரோசாரி பயந்துக்கிட்டே ஒரு தட்டுல பலகாரம் கொண்டுபோனா, தட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. ஆனா சூசை பிறக்கிற அன்னைக்கு ரோசாரி வலியில கத்தின சத்தம் கேட்டு, யாரும் கூப்பிடாமலே கிளெக்கம்மா வந்து நின்னாவ. பிள்ளையைக் கையில வாங்கினாவ, குளிப்பாட்டினாவ, தாய்க்கு டீ போட்டுக் குடுத்தாவ. ஒரு வார்த்தை பேசாமத் திரும்பிப் போயிட்டாவ. பிள்ளையைக் கையில வாங்குன அம்மா, கொக்கியை மட்டும் விடலை. மனுஷ மனசு என்ன மனசோ, எனக்கு இன்னைக்கும் விளங்கலை.

பிள்ளை பிறந்த பொறவுதான் பாடு. கைப்பிள்ளைத் துணி ஒரு நாளைக்குப் பன்னெண்டு. வீட்டுக்குள்ள கட்டினா காயாது, ஈரம் சுவரெல்லாம் ஏறுது, சூசைக்கு நெஞ்சுச் சளி. டாக்டர் வந்து பாத்துட்டு, "வீட்டுக்குள்ள ஈரத்துணி போடாதீங்க, இந்த நெஞ்சு தாங்காது"ன்னுட்டாரு. அதனால அமலோற்பவம் பள்ளிக்கூடம் விட்டதும் வாளியைத் தூக்கிக்கிட்டுக் குண்டு விழுந்த மனைக்குப் போவா. ராணி கோட்டையில இடிஞ்ச சுவர்மேல தம்பி துணியை விரிச்சுட்டுக் காவல் இருப்பா. பாதி காயும், பாதி கரி படியும். திரும்பி வரும்போது எதுத்த வீட்டுக் கொக்கியைப் பாத்துக்கிட்டேதான் வருவா. உலகத்துல அவளுக்கு வேண்டியது அந்த ஒரு கொக்கி. டோரீன் மிட்டாய்ச் சீட்டு சேத்து வச்சா, இவ கொக்கிக்கு வேண்டிக்கிட்டுச் செபம் சேத்து வச்சா.

இப்படி ரெண்டு குளிர்காலம் போச்சு. அப்பத்தான் அந்தக் காத்து வந்துச்சு.

மார்ச் மாசம் முதல் சனிக்கிழமைன்னு சொல்லுவாவ. மத்தியானம் எந்திரிச்ச காத்து விளக்கு வைக்கிற வரைக்கும் நிக்கலை. கூரையில இருந்த கல்லு ஓடுகளை ஒவ்வொண்ணா உருவி எடுத்துத் தெருவுல போட்டு உடைச்சுச்சு. வரிசையா நின்ன புகைபோக்கி ஒண்ணுவிடாம விழுந்துச்சு. ராணி கோட்டைச் சுவரும் விழுந்துச்சு. காத்துக்குப் பின்னால மழை. ஓடு இல்லாத கூரை வழியா மழை நேராக் கட்டில்மேல பெய்யுது. மெத்தை, போர்வை, தலைகாணி, எல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. அன்னைக்கு ராத்திரி தெருவே அடுப்படியில நாற்காலி போட்டு உக்காந்து விடியக் காத்திருந்துச்சாம்.

விடிஞ்சா ஞாயித்துக்கிழமை.

விடிஞ்சா வெயிலு. மழை கழுவி விட்ட பொறவு ஒரு வெயிலு, நல்ல காத்தும் கூட. துணி காயப்போட அதைவிட ஒரு நாள் கிடைக்காது. இங்கதான் சங்கடம். புகைபோக்கி விழுந்துட்டதால எந்த வீட்டுலயும் அடுப்பு மூட்ட முடியாது, மூட்டினா புகை வீட்டுக்குள்ளயே திரும்புது. ராத்திரி உறைபனி விழும்னு ரேடியோவுல சொல்லிட்டான். இந்த வெயில்ல போர்வையைக் காய வச்சாத்தான் ராத்திரி படுக்க முடியும். ஆனா யாரு முதல்ல கயிறு கட்டுறது?

பொம்பளைங்க எல்லாரும் அவங்கவங்க வாசல்ல வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்காவ. உள்ள ஈரப்போர்வை வாளி வாளியா இருக்கு. வானத்தைப் பாக்காவ, கொக்கியைப் பாக்காவ, கடைசியில எல்லாரும் கிளெக்கம்மா வீட்டைப் பாக்காவ. நாப்பது வருஷமா அந்தம்மா சொன்ன சொல்லு. அதை மீறுன பேரு தனக்கு எதுக்குன்னு ஒவ்வொருத்தியும் இன்னொருத்திக்காகக் காத்துக்கிட்டு நிக்கா. வெயிலு இவங்களுக்காகக் காத்து நிக்குமா? அது பாட்டுக்கு மேல ஏறுது.

சவரிமுத்து வீட்டுல இல்லை. உலைக்கு ஞாயிறும் கிடையாது திங்களும் கிடையாது, வேலைக்குப் போயிட்டாரு. சூசை ரோசாரியோட முந்தியில சுருண்டு கெடந்து இருமுதான். காஞ்ச துணின்னு வீட்டுல ஒண்ணு இல்லை. அமலோற்பவம் தம்பியைப் பாத்தா. பாத்துட்டு அம்மைகிட்ட ஒண்ணும் சொல்லாம, தெருவைக் கடந்து போய்க் கிளெக்கம்மா வீட்டுக் கதவைத் தட்டினா. தெருவே பாத்துக்கிட்டு நிக்கி.

உள்ள இருந்து சத்தம் வரலை. இவளே தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டா.

கிளெக்கம்மா அடுப்படியில நாற்காலியில உக்காந்திருக்காவ. கோயிலுக்குப் போற கோட்டு, கோயிலுக்குப் போற தொப்பி. ஆனா கோயிலுக்குப் போகலை. கோட்டு நனைஞ்சு உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு தொட்டி. தொட்டிக்குள்ள சாம்பல் நிறத்துல ஒரு போர்வை, நீலக் கோடு போட்டது, மூலையில மஞ்சள் துணியில ஒரு ஒட்டு. அந்த ஒட்டைத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு திங்கக்கிழமை அது கொடியில தொங்கும்.

"என்ன வேணும்?"ன்னாவ கிளெக்கம்மா.

"கொக்கி வேணும். தம்பிக்கு மாத்துத் துணி இல்லை."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமை."

"தெரியுதுல்லா. போ."

அமலோற்பவம் போகலை. மாடிப்படியில தண்ணி சொட்டுற சத்தம் கேக்குது. கிளெக்கம்மா மடியில வச்சிருந்த கை ரெண்டும் நடுங்குது. ஒரு கையை இன்னொரு கையால பிடிச்சு நிறுத்தப் பாக்காவ, முடியலை.

"இந்தப் போர்வையை விட்டா வேற போர்வை இருக்கா?"ன்னு கேட்டா அமலோற்பவம்.

"அது உனக்கு எதுக்கு?"

"ராத்திரிக்கு என்ன செய்வீங்க?"

"கோட்டு இருக்கு."

"கோட்டும் நனைஞ்சிருக்கே."

அப்ப அமலோற்பவம் சொன்னாளாம், "எங்க ஊர்லயும் ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகமாட்டாவ. பாவம்னு சொல்லுவாவ. ஆனா கடல்ல ஆளு மாட்டிக்கிட்டா பூசை நடுவுலயே சாமியாரு கோயில் மணி அடிக்கச் சொல்லுவாரு. எல்லாரும் எந்திரிச்சு ஓடி வள்ளத்தை இறக்குவாவ. அன்னைக்கு அது பாவம் இல்லை."

"இங்க எங்க இருக்கு கடலு?"

இவ கையைத் தூக்கி மாடிப்படியைக் காட்டினா. படிக்குப் படி தண்ணி இறங்கி வந்துக்கிட்டு இருக்கு.

கிளெக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்கணும், வரலை. குரல் மட்டும் இறங்கிப் போச்சு. "நான் எப்படிக் கட்டுவேன், பிள்ள? நாப்பது வருஷமாச் சொன்னவ நானு. உங்க அம்மா துணியை அவுத்துத் தரையில போட்டவ நானு. இன்னைக்கு எனக்குக் குளிருதுன்னு நானே கட்டினா, தெரு என்ன சொல்லும்? உங்க அம்மா என்ன சொல்லுவா?"

பாருங்க, அந்த அம்மாவுக்குக் குளிரை விட இதுதான் பெரிய பயம். அமலோற்பவம் இந்தத் தெரு இன்னைக்கும் மறக்காத பேச்சைச் சொன்னா.

"நீங்க கட்ட வேண்டாம். நான் கட்டுதேன். நாங்கதான் ஏற்கெனவே கெட்ட பேரு வாங்கியாச்சே. இன்னொரு தடவை கட்டினா எங்களுக்குப் புதுசா என்ன கெட்டுப் போகும்? உங்க போர்வையை முதல்ல போட்டு, அதுக்கு மேல எங்க அம்மா சேலையைப் போட்டு மூடிருதேன். பாக்கிறவங்களுக்குச் சேலைதான் தெரியும். ஏமி வீட்டு ஆளுகளுக்கு இன்னும் புத்தி வரலைன்னு சொல்லிட்டுப் போவாவ."

கிளெக்கம்மா அவளையே பாத்துக்கிட்டு இருந்தாவ. எவ்வளவு நேரம் பாத்தாவன்னு கேட்டா அத்தை, "சூசை மூணு தடவை இருமினான், அவ்வளவு நேரம்"ம்பா. பொறவு அந்தம்மா தொப்பியில குத்தியிருந்த ஊசியை உருவினாவ. தொப்பியைக் கழத்தி மேசையில வச்சாவ.

"நான் இப்பக் கண்ணை மூடிச் செபம் பண்ணப் போறேன்"னாவ. "நான் செபம் பண்ணும்போது இந்த வீட்டுக்குள்ள யாரு வாறா, எதை எடுத்துட்டுப் போறான்னு எனக்குத் தெரியாது."

அமலோற்பவம் ஓடி வந்தா. அம்மை முன்னால நின்னு, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னா. ரோசாரி முகம் அப்படியே இறுகிப் போச்சு.

"என் சேலையா? அந்தப் பொம்பளை போர்வைக்கு மேலயா? ஏட்டி, இதே சேலையைத்தான் அவ சகதியில போட்டா. நான் நாலு நாளு துவைச்சும் அந்தக் கறை போகலை. என் பிள்ளை இருமுன சத்தம் எதுத்த வீட்டுல இருந்து ரெண்டு வருஷமாக் கேட்டவ, ஒரு நாளாவது கொக்கியைத் தந்தாளா? நீ உள்ள போ."

"அம்மா, அவங்களுக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும்."

"சூசையைப் பிடிச்ச கை, அம்மா."

ரோசாரி கைப்பிள்ளையைப் பக்கத்து வாசல்ல நின்ன டோரீன்கிட்ட குடுத்தா. உள்ள போனா. வெளியே வரும்போது ஒரு கையில கப்பல் கயிறு, ஒரு கையில செவப்புச் சேலை. கண்ணு நெறைஞ்சு இருந்துச்சாம். கோவத்துலயா இரக்கத்துலயான்னு கேட்டா, "ரெண்டுந்தான், வேற வேறயா வருமா என்ன"ன்னு சொல்லுவா.

அம்மையும் மகளும் கயிறு கட்டினாவ. கிளெக்கம்மா வீட்டு நாற்காலி மேலயே ஏறி கிளெக்கம்மா வீட்டுக் கொக்கியில முடிச்சுப் போட்டா அமலோற்பவம். ஈரப்போர்வை ஒரு ஆள் கனம். வீட்டுக்குள்ளயே சேலையை அதுமேல போட்டு மறைச்சு, அப்படியே சுருட்டி, ரெண்டு முனையையும் ரெண்டு பேரும் பிடிச்சுத் தூக்கி வந்து கொடியில போட்டாவ. நுனி தெரியாம இழுத்து விட்டாவ. தெருவுல பாக்கிறவங்களுக்குச் செவப்புச் சேலை, அவ்வளவுதான்.

தெருவுல முணுமுணுப்பு எந்திரிச்சுச்சு. "பாத்தியா, மறுபடியும்." "இவங்களுக்குச் சொன்னாப் புரியாது." டோரீனோட அம்மா தலையை ஆட்டினாவ. ஆனா ஒருத்தி கண்ணும் சேலையை விட்டு எடுக்கலை. கிளெக்கம்மா கதவு எப்பத் திறக்கும், எப்ப அந்தம்மா வந்து முடிச்சை அவுப்பாவன்னு பாத்துக்கிட்டே நிக்காவ. கதவு திறக்கலை. சன்னல் திரை அசையலை.

அமலோற்பவம் அம்மை கையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. எல்லாரும் அவளைத்தான் திட்டுதாவ. திட்டட்டும்னு நின்னா. போர்வை காஞ்சாப் போதும்.

அப்ப வந்துச்சு காத்து. கீழ்த்தெரு முனையில இருந்து ஒரு வீச்சு. சேலை அப்படியே தூக்கிக்கிட்டு, கயித்துக்கு மேல ஒரு சுத்துச் சுத்தி அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு.

சாம்பல் நிறப் போர்வை. நீலக் கோடு. மூலையில மஞ்சள் ஒட்டு.

கிளெக்கம்மா போர்வை, கிளெக்கம்மா கொக்கியில, ஞாயித்துக்கிழமை. அமலோற்பவத்துக்கு உசிரே போயிருச்சு. ரகசியத்தைக் காப்பாத்துதேன்னு சொல்லி வாங்கிட்டு வந்தவ. ஓடிப் போய் எக்கி எக்கிச் சேலையைப் பிடிச்சு இழுத்து மறுபடியும் மூடப் பாக்கா, எட்டலை. அழுதுக்கிட்டே குதிக்கா.

யாரும் சிரிக்கலை. டோரீனோட அம்மா கட்டியிருந்த கையை அவுத்தாவ. உள்ள போனாவ. மெத்தை உறையும் ரெண்டு போர்வையும் கயிறுமா வெளிய வந்தாவ. வந்தவங்க, முதல்ல அமலோற்பவம் பக்கத்துல போய், அந்தச் சேலையை இழுத்துக் கிளெக்கம்மா போர்வையைப் பழையபடி மூடிட்டு, பொறவுதான் அவங்க கயித்தைக் கட்டினாவ. அவங்களுக்குப் பின்னால பதினெட்டாம் நம்பர். அதுக்குப் பின்னால இருபத்தொண்ணு. ஒரு மணி நேரத்துல தெரு முழுக்கக் கொடி. ஒருத்தியும் போர்வையைப் பத்திக் கேக்கலை.

மத்தியானம் கிளெக்கம்மா கோயில் பாதிரியாரு, கூரை போன வீடுகளைப் பாக்க வந்தாரு. ஈரத்தலைகாணி ஒண்ணு ஆடி வந்து அவரு தொப்பியைத் தட்டி விட்டுச்சு. குனிஞ்சு தொப்பியை எடுத்தாரு, தட்டினாரு, தலையில வச்சாரு. "நல்ல காத்து"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

சாயங்காலத்துக்குள்ள எல்லாம் காஞ்சு போச்சு. ரோசாரி போர்வையைச் சேலையால மூடினபடியே மடிச்சுக் கிளெக்கம்மா வாசப்படியில வச்சுட்டு வந்துட்டா. அன்னைக்கு ராத்திரி பனி விழுந்துச்சு, தெருவுல யாரும் குளிர்ல படுக்கலை. சூசை காஞ்ச துணிக்குள்ள விடிய விடியத் தூங்கினான். எங்க அப்பா அறுவத்தெட்டு வயசு வரைக்கும் இருந்தாருன்னா, அந்த ஒரு தூக்கமும் அதுல சேத்திதான்.

மறுநா திங்கக்கிழமை. காலையில பதினாலாம் நம்பர் கதவைத் தட்டுற சத்தம். அமலோற்பவம் திறந்தா. கிளெக்கம்மா நிக்காவ. போர்வையை மூடுன செவப்புச் சேலை அவங்க கையில. சேலையை எப்படி மடிக்கணும்னு தெரியாம, மேசை விரிப்பு மாதிரி நாலு மூலையையும் சேத்து மடிச்சு, கையால நீவி வேற விட்டிருக்காவ. அந்தப் பழைய சகதிக் கறை இருந்த இடம் வெளுத்துப் போயிருந்துச்சு. என்ன போட்டுத் தேய்ச்சாவளோ, கடைசி வரைக்கும் சொல்லலை.

"உங்க அம்மாகிட்டச் சொல்லு"ன்னாவ. "ஒன்பது மணிக்குக் கயிறு கொண்டுவரச் சொல்லு. லேட்டா வந்தா வெயிலு போயிரும்." ரெண்டு எட்டு நடந்து போனாவ. நின்னாவ. திரும்பாமலே, "சீக்கிரம் போய்ச் சொல்லு, லவ்"ன்னாவ.

அத்தை இதைச் சொல்லும்போது மட்டும் அழுதுருவா. எழுவது வயசுலயும் அழுதுருவா.

இவ்வளவுதான் நடந்தது. இதுல இருந்துதான் ஏமி ஞாயிறு வந்துச்சு. வருஷா வருஷம் மார்ச் மாசம் முதல் ஞாயிறு, இந்தத் தெருவுல எல்லாரும் துணி துவைச்சுக் காயப்போடுறது அதுனாலதான். கிளெக்கம்மா சாகும்போது, "போர்வை எதுத்த வீட்டுப் பிள்ளைக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாவ. அவங்களைக் குளிப்பாட்டினது ரோசாரி. வெள்ளைக்காரங்க, நம்மாளுக, பின்னால வந்தவங்க, எத்தனையோ குடும்பம் இந்தத் தெருவுக்கு வந்து போயாச்சு. முனிசிபாலிட்டிக்காரன் சுவர் பூச வந்து கொக்கியைப் பிடுங்கப் பாத்தான், தெருவே வெளிய வந்து நின்னுச்சு. சேலை கிழிஞ்சு கிழிஞ்சு இது அஞ்சாவது சேலை. போர்வை மட்டும் அதே போர்வை.

முறை என்னன்னா, முதல்ல போர்வை, மேல சேலை. காத்து வந்து சேலையை விலக்கி, அந்த மஞ்சள் ஒட்டு தெரியிற வரைக்கும் யாரும் துணி போடக்கூடாது. யாரும் கையால விலக்கக்கூடாது. தெரிஞ்ச பொறவு, முதல்ல போறவங்க சேலையை இழுத்து மூடி விட்டுட்டுத்தான் தன் துணியைப் போடணும்.

ஏ, பேசாதீங்க. அந்தா, கீழ்த்தெரு முனையில காகிதம் பறக்குது பாருங்க. வருது. வருது. சேலை தூக்குது. நீல சாக்ஸு, உனக்கு மஞ்சள் தெரியுதா? தெரிஞ்சுட்டுல்லா. சரி, நீதான் முதல்ல போ. எட்டலைன்னா நாற்காலி போட்டுக்கோ. போய் அந்த அம்மாவை மூடி விடு.

என் கதை காஞ்சுருச்சு. உங்க துணி காயட்டும்.